பற்கூச்சம்: வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

குளிர்ந்த நீரைப் பருகும்போதும் புளிப்பான மாங்காயைக் கடிக்கும்போதும் சிலருக்குப் பல்லில் சுரீரென வலி தோன்றி, சில நொடிகளில் மறைந்துவிடும். இதையே பற்கூச்சம் என்கிறோம். அந்த வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கவனித்தால், வீட்டுப் பராமரிப்பு போதுமா, மருத்துவரை விரைந்து நாட வேண்டுமா என்பது பெருமளவு விளங்கும்.

கூச்சம் ஏன் ஏற்படுகிறது?

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் அடியில் உள்ள டென்டின் என்னும் அடுக்கில், திரவம் நிறைந்த எண்ணற்ற நுண்குழாய்கள் உள்ளன. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலோ, இக்குழாய்களின் வாய் திறந்துவிடும். குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது, அதுவே வலியாகிறது.

அழுத்தித் துலக்குதல், உமிக்கரி போன்ற சொரசொரப்பான பொடிகள், அடிக்கடி அருந்தும் குளிர்பானங்கள், இரவில் பற்களை நறநறவெனக் கடித்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். வயிற்று அமிலம் மேலேறி வரும் நோயாளிகளுக்கும், கர்ப்ப காலத்தில் அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் எனாமல் அரிக்கப்படலாம். தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

மென்மையான தூரிகையால், அழுத்தாமல், நாள்தோறும் இருமுறை துலக்குங்கள். கூசும் இடத்தைத் துலக்காமல் விட்டால் அங்கு அழுக்குப் படிந்து ஈறு மேலும் கெடும். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளூரைடும் கலந்த பற்பசை உதவும். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்; 2 முதல் 4 வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். புளிப்பு உண்டபின்பும் வாந்திக்குப் பின்பும் உடனே துலக்காமல், வாயை நீரால் கொப்பளித்து, அரைமணி நேரமாவது பொறுத்திருங்கள்.

மருத்துவரை எப்போது நாட வேண்டும்?

குளிர்ச்சி நீங்கிய பின்னும் வலி நீடித்தால், சூட்டினால் வலி மிகுந்தால், உறக்கத்திலிருந்து எழுப்பினால், ஒரே பல்லில் மட்டும் வலித்தால், கடிக்கும்போது வலித்தால், அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். சொத்தையோ விரிசலோ பல்லின் உட்கூழ் வரை எட்டியிருக்கக்கூடும். பற்பசை இதைக் குணப்படுத்தாது. நாட்கள் கடந்தால் பல்லையே இழக்க நேரிடலாம். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே வாருங்கள். காரணத்திற்கேற்ப ஃபுளூரைடு பூச்சு, பல் அடைப்பு, ஈறு சிகிச்சை, வேர்ச் சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றை மருத்துவர் பரிந்துரைப்பார்.

பராமரிப்போர் கவனத்திற்கு

முதியோரும் பேச இயலாத நோயாளிகளும் வலியைச் சொல்லாமல் இருக்கலாம். ஒரே பக்கமாக மெல்லுவதும், குளிர்ந்த நீரை மறுப்பதும், வழக்கமான உணவைத் தள்ளிவைப்பதும் பல்வலியின் அறிகுறிகளாக இருக்கலாம். எந்தப் பல், எதனால் வலிக்கிறது, எத்தனை நொடி நீடிக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அக்குறிப்பு, சரியான சிகிச்சையை விரைந்து தொடங்கப் பெரிதும் துணைபுரியும்.