மாட்டேறும் மீயிணைப்பும்

மகாகவி பாரதியார் 1918 இறுதி முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். அருகிலுள்ள பொட்டல்புதூரில் 1920இல் இஸ்லாம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். இத்தகைய செய்திகளைத் தேடும் மாணாக்கர் இன்று எக்செல் விரிதாளில் நூலடைவு அமைக்கின்றனர். நூற்பெயரைச் சொடுக்கியதும் நூலே திறக்க வேண்டுமாயின் மீயிணைப்பு வேண்டும்.

ஓரிடத்துக் கூறிய விதியைப் பிறிதோரிடத்திற்கும் பொருத்திச் சுட்டுதலை இலக்கண நூலார் மாட்டேறு என்பர். மீயிணைப்பை அதன் இக்கால உறவினன் எனலாம். மாட்டெறிந்த விதி இடம்பெயர்வதில்லை; இணைய முகவரியோ பெயர்ந்துவிடும். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதனைச் சுட்டிய இணைப்புகள் பயனற்றன. கையால் ஒவ்வொன்றாக ஒட்டிய முகவரிகளை ஒவ்வொன்றாகவே திருத்த நேரும்.

வாய்பாடு இத்துன்பத்தை நீக்கும். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் நூல்களுக்கு வரிசை எண் உண்டு. திருக்குறளின் எண் 1. கோப்பின் பெயரில் அது 0001 என நிற்கும். எல்லா நூலுக்கும் பொதுவான முகவரிப் பகுதியைத் தனிக் கட்டமொன்றில் எழுதுக. முதல் நெடுவரிசையில் எண்ணும், இரண்டாவதில் பெயரும் இடுக. மூன்றாவதில் சமக்குறியிட்டு 'ஹைப்பர்லிங்க்' என்னும் சார்பை எழுதுக. அது வேண்டுவன இரண்டு: முகவரி, காட்டும் பெயர். பொதுப் பகுதி, 'டெக்ஸ்ட்' சார்பால் நான்கிலக்கமாக்கிய எண், கோப்பின் ஈறு ஆகிய மூன்றையும் 'அண்ட்' குறியால் புணர்த்தினால் முகவரி பிறக்கும். பொதுக் கட்டத்தின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னே டாலர் குறி இடாவிடின், வாய்பாட்டைக் கீழே இழுக்கையில் சுட்டு நழுவிவிடும். பலர் இடறுமிடம் இதுவே. தளம் மாறினால் அந்த ஒரு கட்டத்தைத் திருத்துவது போதும். எனினும் வாய்பாடு முகவரியின் மெய்ம்மையை ஆராயாது. சொடுக்கிப் பார்த்தலே சோதனை.

மேக்ரோ வேறு வகையினது. 'ஹைப்பர்லிங்க்ஸ் ஆட்' என்னும் கட்டளையைச் சுழற்சியில் இட்டால் நூறு வரிகளுக்கும் நொடியில் இணைப்பு அமையும்; சுட்டியை வைத்தவுடன் தோன்றும் குறிப்பும் சேர்க்கலாம். ஆயினும் அவை நிலைத்த முகவரிகளாதலின், மாற்றம் நேர்ந்தால் மேக்ரோவை மீண்டும் இயக்க வேண்டும். அன்றியும், 2022 முதல் இணையத்திலிருந்து பெறும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. பலர் கைக்குச் செல்லும் அடைவுக்கு வாய்பாடே சாலும் என்பது என் துணிபு.

பொட்டல்புதூர் உரை பற்றிய குறிப்பு அதே கோப்பின் வேறு தாளில் இருப்பின் இணையமும் வேண்டா. முகவரியிடத்தில் 'ஹாஷ்' குறி, தாளின் பெயர், வியப்புக்குறி, கட்டத்தின் எண் என எழுதுக. தாளின் பெயரில் இடைவெளி இருப்பின் அதனை ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்தல் வேண்டும்.