சீட்டைப் பிடுங்கியவரும் உங்கள் பார்வையாளர்தான்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் முதல் சீட்டு வித்தையைத் தொடங்கியதுமே ஒருவர் எழுந்து வந்து, "இதெல்லாம் யூடியூப்ல பாத்தாச்சுப்பா" என்று சொல்லி உங்கள் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்ததையும், கூடியிருந்தவர்கள் சிரித்ததையும், நீங்கள் பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து சீட்டைத் தொடவே மனம் வரவில்லை என்கிறீர்கள். கடைசியில், "இப்படிப்பட்டவர்களின் வாயை அடைக்கிற மாதிரி நாலு பதிலடி வசனம் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக இங்கேயே பதில் எழுதுகிறேன்.

பதிலடி வசனம் ஒன்றுகூட நான் தரப்போவதில்லை. என்னிடம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் நிறையவே வைத்திருந்தேன். அவற்றை ஏன் விட்டேன் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நான் அவற்றை விட்ட இடமும் ஒரு பிறந்தநாள் விழாதான். முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஏழு, எட்டு வயது இருக்கும். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்த வாய். நான் பஞ்சுப் பந்தை வலது கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, இடது கையில் மறைத்துக்கொண்டேன். "அங்கிள், அந்தக் கையில இருக்கு!" என்று கத்தினான். அடுத்த முறையும் கத்தினான். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கில், "தம்பி, இன்னும் ஒரு வார்த்தை பேசினா மிச்சப் பல்லும் மாயமாயிடும்" என்றேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பையன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அதன் பிறகு நாற்பது நிமிடம் நான் என்னென்னவோ செய்தேன், அவன் கையை எடுக்கவே இல்லை. கேக் கொடுத்தபோதும் ஒரு கையால் வாங்கிக்கொண்டான், மறு கை வாயிலேயே இருந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பையன் சொன்னது சரி. பந்து இடது கையில்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தபோது, பந்தை ஒளித்த கையை நானே ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. நான் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான், அவ்வளவுதான். வித்தைக்காரன் எங்கே பார்க்கிறானோ அங்கேதான் கூட்டமும் பார்க்கும். என் பயிற்சியில் இருந்த ஓட்டையை ஒரு குழந்தை காட்டிக்கொடுத்தது, அதற்கு நான் கொடுத்த கூலி அவமானம். அன்றோடு அந்த வசனங்களையெல்லாம் விட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் விழாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. "நான் செய்யறதை இங்க யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லி நிகழ்ச்சியைத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி, சவாலை முதலில் விட்டது நீங்கள். சீட்டைப் பிடுங்கியவர் அதை ஏற்றுக்கொண்டு வந்தார். அவர் செய்தது மரியாதையான காரியம் இல்லை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நம் ஊரில் மேஜிக் பார்க்க உட்காருகிற ஒவ்வொருவரிடமும் "இவன் நம்மை ஏமாற்றப் போகிறான்" என்ற எண்ணம் கொஞ்சம் இருக்கிறது. மனைவி, மக்கள், சம்பந்தி வீட்டார் முன்னால் ஏமாந்தவனாக நிற்க யாருக்கும் பிடிக்காது. தொல்லை கொடுக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கு அவமானம் வராது என்று காட்டிவிட்டால் பாதித் தொல்லை தானாக அடங்கிவிடும்.

கூட்டத்தை அடக்குவதற்கு வேறொரு வழியும் இருந்தது. அது பயம். சந்தைமேட்டில் மோடி வித்தை காட்டியவர்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். "யாரும் கையைக் கட்டாதீங்க, பாதியில போனா ரத்தம் கக்கிச் சாவீங்க" என்பார் வித்தைக்காரர். அவருக்கு மேடை இல்லை, திரை இல்லை, டிக்கெட் இல்லை. சுற்றிலும் ஆள் நிற்க, மண்ணில் குந்தி, மூன்று கிண்ணங்களை வைத்துச் செப்படி வித்தை செய்ய வேண்டும். துண்டில் காசு விழுவதற்கு முன் கூட்டம் கலைந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அந்த மிரட்டலுக்குப் பின்னால் பசி இருந்தது. நமக்கு அந்த நிலை இல்லை, அதனால் அந்த மிரட்டலும் வேண்டாம்.

ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறு இரண்டு உண்டு. ஒன்று, "எல்லாரும் ஜோரா ஒரு தடவை கைதட்டுங்க". தனித்தனியாக நின்ற ஐம்பது பேர் சேர்ந்து கைதட்டிய பிறகு ஒரே கூட்டமாகிவிடுகிறார்கள். சேர்ந்து தட்டிய கை அவ்வளவு எளிதில் பிடுங்க வராது. இன்னொன்றை நானே அனுபவித்தேன். சிறுவனாக இருந்தபோது கிண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தரையோடு தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தைக்காரர் என்னைத் திட்டவில்லை. "இங்க வா தம்பி" என்று கூப்பிட்டு, ஒரு பந்தை என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். திறந்தபோது இரண்டு இருந்தன. அதுவரை அவரை வேவு பார்த்தவன், அந்த நொடியிலிருந்து அவர் கட்சி.

பயத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திய கதையும் நம் கலையின் வரலாற்றில் உண்டு. 1856-ல் பிரெஞ்சு அரசு ராபர்ட் ஊதான் என்ற பெரும் வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த சமயத் தலைவர்களைவிடப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சக்தி அதிகம் என்று காட்டுவதுதான் நோக்கம். சிறு பெட்டி ஒன்றைத் தூக்கும்படி ஒரு பலசாலியை மேடைக்கு அழைத்தார். முதலில் தூக்கினான். "உன் பலத்தை எடுத்துவிட்டேன்" என்று அவர் சொன்ன பிறகு அசைக்கக்கூட முடியவில்லை. கீழே மின்காந்தம் இருந்தது. கைப்பிடி வழியாக மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார். திறமையில் அவருக்கு நிகர் சொல்வது கடினம். இருந்தும், பார்க்க வந்த மனிதனை வலியில் துடிக்கவிட்டு ஓடவைத்ததை என்னால் மேஜிக் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது ஆட்சியின் அதிகாரம்.

இதற்கு நேர்மாறானவர் லண்டனின் டேவிட் டெவன்ட். 1905-ல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் என்ற வித்தைக்காரர் சங்கத்தின் முதல் தலைவர். எல்லாம் அன்பினால்தான் என்ற பொருளில் ஒரு வாசகத்தை வழக்கமாகச் சொல்வார். அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்றில் கூட்டத்திலிருந்து ஒரு பையனும் ஒரு சிறுமியும் மேடைக்கு வருவார்கள். வெறும் தொப்பியிலிருந்து முட்டை முட்டையாக வந்துகொண்டே இருக்கும். சிறுமி வாங்கிப் பையனிடம் தருவாள், அவன் மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். முட்டை சேரச் சேரப் பையன் திணறுவான், சில நழுவி விழுந்து உடையும், அரங்கம் சிரித்து ஓயாது. அங்கே சிரிப்பை மூட்டியது முட்டை. பையனின் பல்லோ நிறமோ பேச்சோ அல்ல. அந்த மாலையின் கதாநாயகனே அவன்தான். குழந்தைகளை மேடையேற்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் தெரிந்தவர் வந்தால்?" என்று கேட்பீர்கள். உலகப் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியைவிடத் தெரிந்தவர் யார்? எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சொல்லிவிடுவேன் என்பவர் அவர். 1922-ல் சிகாகோ ஓட்டல் ஒன்றில் டை வெர்னன் என்ற இளைஞர் அவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதை மேலிருந்து இரண்டாவதாக வைத்தார், அது மேலே வந்து நின்றது. மறுபடி, மறுபடி, மூன்று முறைக்கு மேலும் செய்துகாட்டினார். ஹூடினியால் சொல்ல முடியவில்லை. எல்லாம் தெரிந்தவருக்கும் பதில் வித்தையில்தான் இருந்தது. அந்தத் தேர்ச்சி வரும்வரை ஒரே கூட்டத்தில் ஒரு வித்தையை இரண்டாம் முறை செய்யாதீர்கள். "இன்னொரு தடவை" என்று கேட்டால், "இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

இனி, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில காரியங்கள்.

முதல் இரண்டு வித்தைகளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் முகங்களைப் பாருங்கள். நண்பர்கள் தள்ளிவிட்டு எழுகிறவர் வேண்டாம். சற்று முன்னால் சாய்ந்து, புன்னகையோடு பார்ப்பவரை மரியாதையாக அழையுங்கள். பெரியவரென்றால் "ஐயா", "அம்மா" என்று சொல்லி, கேட்டுவிட்டுத்தான் தொடுங்கள்.

துருதுருவென்று இருப்பவருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். மூடிய கவரைக் கொடுத்து, "இது உங்க பொறுப்பு சார், கடைசி வரைக்கும் யாருக்கும் தராதீங்க" என்று சொல்லுங்கள். பிடுங்க வந்த கை, காவல் காக்கிற கையாகிவிடும். அந்தக் கவரிலிருந்து சரியான விடை வரும்போது கைதட்டலில் பாதியை அவருக்குக் கொடுங்கள்.

எடுத்த சீட்டை மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. ஆர்ட்டின் ஏழாம் சீட்டை எடுத்துவிட்டு இஸ்பேட் ராஜா என்பார்கள். அவரோடு வாதாடினால் தோற்பது நீங்கள்தான். எடுத்த சீட்டை "எல்லாருக்கும் காட்டுங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள், அல்லது அதில் கையெழுத்து வாங்குங்கள். அப்படியும் மாற்றிச் சொன்னால், "நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன்" என்று ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். யார் தவறு என்று கூட்டத்துக்குத் தெரியும்.

சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசாதீர்கள். கட்டு நீட்டியபடி சும்மா இருக்கும் நேரம்தான் பிடுங்கும் நேரம். அப்படியே பிடுங்கிவிட்டாலும் பதறாதீர்கள். "நல்லாக் கலைச்சுக் குடுங்க சார்" என்று சொல்லி, அவர் கலைத்து முடிக்கும்வரை பொறுமையாக நில்லுங்கள். யார் கலைத்தாலும் நடக்கிற சீட்டு வித்தை ஒன்றாவது உங்களிடம் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

குழந்தை கத்தினால் அது ஆர்வத்தில் கத்துகிறது. "கரெக்டாச் சொன்னியே!" என்று ஒப்புக்கொண்டு அருகில் அழைத்து மந்திரக்கோலைக் கொடுங்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து பேசுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காத சிலர் உண்டு. குடித்துவிட்டு வருகிறவர்கள், மேடையில் உள்ள பெண்களிடம் வரம்பு மீறுகிறவர்கள். அங்கே நயம் தேவையில்லை. மேஜிக்கை நிறுத்துங்கள், விழா நடத்துகிறவரை அழையுங்கள். கல்யாண ரிசப்ஷன் என்றால் நிகழ்ச்சிக்கு முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பும் கத்தியும் அப்படிப்பட்ட கூட்டத்தில் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு நிமிடத்தில் முடியும் அழகான வித்தை ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருங்கள். எந்த இடத்தில் நிறுத்த நேர்ந்தாலும் அதைச் செய்து கும்பிட்டுவிட்டு இறங்கலாம். பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

தம்பி, உங்கள் கட்டு இப்போது அலமாரியில் கிடக்கும். இன்று இரவே எடுங்கள். நிகழ்ச்சியின் முதல் வரியை மாற்றி எழுதுங்கள். "யாராலும் முடியாது" என்பதற்குப் பதிலாக, "நீங்க எல்லாரும் சேர்ந்தாத்தான் இது நடக்கும்" என்று தொடங்குங்கள். ஒரு மாதம் கண்ணாடி முன்னால் பழகுங்கள். பிறகு அதே உறவினர் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது போங்கள். உங்கள் சீட்டைப் பிடுங்கியவர் வந்திருந்தால் முதலில் அவரிடம் போய் வணக்கம் சொல்லி, கட்டை நீங்களாகவே அவர் கையில் கொடுத்துக் கலைக்கச் சொல்லுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்