தானாக அணையும் கணினி

அன்புள்ள தம்பிக்கு,

படித்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம் பட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது, கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன் ஒரு வாரம் பொறு. எந்தப் பாகத்தையும் மாற்றாதே. முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வை. அணையும்போதெல்லாம் மணி என்ன, நீ என்ன செய்துகொண்டிருந்தாய், வீட்டு ஃபேன் சுணங்கியதா, பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்ததா என்று எழுது. பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது காசைக் கரைக்கும் வழி. எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

முதலில் கரண்ட். நம் பக்கம் வயலுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் போர் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரம் 230 வோல்ட் இருக்க வேண்டிய லைன் தாழ்ந்துபோகும். ஃபேன் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். கணினிக்கோ அந்தத் தாழ்ந்த வோல்டேஜ் போதாமல் போகலாம். உள்ளே பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் முழுதாக விட்டுப்போனால் ஏறக்குறைய 16 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி நொடி. வெளியே போகும் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் ஒரு சாம்பல் நிற வயர் வழியாக மதர்போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சைகை நின்றதும் கணினி அந்த நொடியே நின்றுவிடும். நீலத்திரை வராது, எச்சரிக்கையும் வராது. நோட்டில் குறித்த நேரமும் மோட்டார் ஓடும் நேரமும் ஒத்துப்போனால் மதர்போர்டின்மேல் பழி இல்லை.

யூபிஎஸ் இருக்கிறதே என்பாய். பழைய பேட்டரி போட்ட யூபிஎஸ் இருந்தும் இல்லாததுபோலத்தான். சோதித்துப் பார். எல்லாவற்றையும் சேவ் செய்து மூடு. கணினியை மறுபடி போட்டு, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில் நிறுத்து. இப்போது சுவரிலுள்ள ஸ்விட்சை அணை. கணினியும் கூடவே செத்தால் பேட்டரி போய்விட்டது. வீட்டில் எப்போதுமே லோ வோல்டேஜ் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. அதை நீ தொடாதே, வயர்மேனைக் கூப்பிடு.

அதே பயாஸ் திரையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். சுவர் ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டு, கணினியை அங்கேயே அரைமணி விட்டுவை. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் காரணமில்லை, கோளாறு மின்சாரத்திலோ சூட்டிலோ பாகத்திலோதான்.

அடுத்தது சூடு. செஞ்சி மலைகள் மொட்டைப் பாறை. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் ராத்திரிகூட அனல் இறங்காது. அந்த அனலில் கேபினெட்டைக் கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் சொருகி வைத்திருப்பார்கள். பிராசசருக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் கணினியையே அணைத்துவிடும். 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஓடும் கணினியில் பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கைக் கழற்றிப் படம்பிடித்தார்கள். பென்டியம் 4 பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. அத்லான் பிராசசர் சில நொடிகளில் புகைந்து கருகியது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கணினி தானாக அணைவதன்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது அது. அதனால் அணைந்ததும் திரும்பத் திரும்பப் பட்டனை அமுக்காதே, ஆறவிடு.

கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் அணைகிறதென்றால் சூட்டைச் சந்தேகப்படு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்று. ஹீட் சிங்கின் இடுக்குகளில் புழுதி கம்பளிபோல் படிந்திருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷாலோ புளோயராலோ எடு. காற்றில் அதைச் சுழலவிடாதே. ஹீட் சிங்கையே கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால் பேச்சே வேறு. பெரும்பாலும் ரேமோ டிரைவரோ காரணமாக இருக்கும். திரையில் வரும் எழுத்தைப் போனில் படமெடுத்து வை. மதர்போர்டில் எந்தக் கெப்பாசிட்டராவது தலை உப்பியிருந்தால்தான் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

விண்டோஸும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் அந்த நேரத்தைத் தேடு. 1074 என்று இருந்தால் ஏதோ ஒரு மென்பொருளோ ஆளோ முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அப்டேட்டாகவும் இருக்கலாம். கெர்னல் பவர் 41 இருந்தால் முறைப்படி மூடாமல் நின்றது என்று மட்டும் பொருள். 41 என்றதும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்த எண் காரணத்தைச் சொல்வதில்லை, அதற்குத்தான் உன் நோட்டு.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டின் பக்கங்களையும் எஸ்எம்பிஎஸ் லேபிளையும் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்க்கும்வரை அப்பாவிடம் எதற்கும் பணம் கேட்காதே.

அன்புடன்,
அக்கா