டென்ஷன் கருவிழியைக் கூம்பாக்குமா?

பொங்கலூர், பல்லடம் பக்கம் நூல் மில்லிலும் விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் இளைஞனுக்குக் கெரட்டோகோனஸ் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டில் காரணம் தயாராக இருக்கும்: "தூக்கமில்லை, ஒரே டென்ஷன், அதுதான் கண்ணுல காட்டுது." இந்த நம்பிக்கைக்கு இப்போது விஞ்ஞானச் சாயமும் ஏறியிருக்கிறது. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடி, அழற்சி கிளம்பி, கருவிழி மெலிகிறதாம். இதில் ஒரு பகுதி உண்மை. மீதி, சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும் பேச்சு.

உண்மையான பகுதியை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும் இந்த நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கிறது. அழற்சி இல்லாத நோய் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. நோயாளிகளின் கண்ணீரில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, திசுவை அரிக்கும் எம்.எம்.பி.-9 என்சைம் ஆகியவை கூடியிருப்பது தெரிந்தபின் அந்த வரையறை ஆட்டம் கண்டது. பெங்களூரு நாராயண நேத்ராலயா குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வும் அதையே காட்டியது. ஹார்மோன் விஷயத்தில், ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2017-இல், நோய் வளர்ந்துகொண்டிருந்தவர்களின் தலைமுடியில் கார்டிசால் அதிகம் என்று கண்டார்கள். முடியில் அளந்தால் ஒருநாள் பதற்றம் அல்ல, சில மாதக் கணக்கு தெரியும். ஆனால் கார்டிசால் கூடியிருந்தது என்பது வேறு, அதுதான் கருவிழியைக் கெடுத்தது என்பது வேறு. இருபது வயதில் பார்வை மங்கி, எந்தக் கண்ணாடியும் ஒத்துவராமல் அலைகிறவனுக்குக் கவலை வராதா? எது முந்தி என்பதை ஒருமுறை எடுத்த அளவு சொல்லாது. போதாததற்கு, கார்டிசால் இயல்பிலேயே அழற்சியை அடக்கும் ஹார்மோன். நெடுநாள் கூடியே இருந்தால் உடல் அதற்கு மசியாமல் போகலாம், கருவிழிக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியும் குறையலாம் என்று கார்டிசாலைக் குற்றம் சொல்பவர்கள் பதில் சொல்வார்கள். நியாயமான ஊகங்கள்தாம், ஆனால் கருவிழி கூம்பாவதற்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை.

அழற்சிக்கு இதைவிடக் குறுக்குவழி ஒன்று உண்டு: விரல். நோயே இல்லாதவர்களை 60 விநாடி கண்ணைத் தேய்க்க வைத்துப் பார்த்த 2013 ஆய்வில், அதற்குள்ளேயே கண்ணீரில் எம்.எம்.பி.-9-இன் இனமான எம்.எம்.பி.-13, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா மூன்றும் உயர்ந்தன. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில், அரிக்கும் கண்ணோடு நிற்பவரின் கை ஒரு ஷிப்டில் எத்தனை முறை கண்ணுக்குப் போகும்? தேய்க்காதவர்களுக்கும் வருகிறதே, சில குடும்பங்களில் தொடர்கிறதே என்று கேட்டால், அது சரியான ஆட்சேபம். பரம்பரைக்கும் பங்குண்டு; அதை மாற்ற வழியில்லை என்பதால்தான் தேய்ப்பதை நிறுத்துவது இத்தனை முக்கியமாகிறது.

அழற்சிதானே என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்குவது இன்னும் மோசம். கார்டிசாலுக்குப் பயந்தவர் அதன் பங்காளியையே கண்ணில் விட்டுக்கொள்கிறார்! அரிப்பு சட்டென்று அடங்கும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறும், புரையும் விழலாம்.

நன்றாகத் தூங்குவதும் மன அமைதியும் எல்லோருக்கும் நல்லவை. கூம்பை அவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. நிறுத்துவதற்கு ஆதாரம் உள்ளது, ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்கும் சி3ஆர் சிகிச்சைக்கு. அதன் முதல் முடிவுகளும் அதே டிரெஸ்டனிலிருந்துதான் 2003-இல் வந்தன. பிள்ளைக்குச் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறினால் கண்ணாடிக் கடையோடு நிற்காமல், கோவை அவிநாசி சாலை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனையில் கருவிழியின் வடிவத்தைக் காட்டும் டோபோகிராபி எடுத்துப் பாருங்கள். சி3ஆர் இருக்கும் நிலையில் நிறுத்துமே தவிர, குலைந்த வடிவத்தை முழுதாகத் திருப்பித் தராது.