கார் ஸ்டீரியோ: பெட்டியில் 50 வாட்ஸ், ஸ்பீக்கருக்கு எத்தனை?

சில கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களின் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கான வாட்ஸ் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார் ஸ்டீரியோ பெட்டியில் உள்ள '50 வாட்ஸ் x 4' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓம் எண்ணால் வகுத்தால் வாட்ஸ் கிடைக்கும். 14.4 x 14.4 = 207. இதை 4ஆல் வகுத்தால் சுமார் 52. பெட்டியில் உள்ள 50 இதுதான்! ஆனால் வோல்ட் எப்போதும் உச்சத்திலேயே நின்றால்தான் இது கிடைக்கும். சுத்தமான ஒலி அலை ஏறி இறங்குவதால் அதில் பாதி, அதாவது 26 வாட்ஸ்தான் எல்லை. ஸ்டீரியோவின் உள்ளே ஏற்படும் இழப்பும் போக, ஏறத்தாழ 20 வாட்ஸ் மிஞ்சும். இதுவே 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ்.

கதவில் உள்ள நான்கு ஸ்பீக்கர்களில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க இது போதும். இதற்கு மேல் வால்யூமைத் திருகினால் ஒலி சிதறும். டுவீட்டர் கருகவும் கூடும். சப்ஊஃபர் வைக்கவோ இன்னும் சத்தமாகக் கேட்கவோ விரும்பினால் தனி ஆம்ப்ளிஃபையர் தேவை. அது பேட்டரியின் வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்கிறது.

50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். வீதம் நான்கு சேனல் என்றால் மொத்தம் 200 வாட்ஸ். பாதி மின்சாரம் சூடாக வீணாகிறது என்று கொண்டால் 400 வாட்ஸ் வேண்டும். 13.8 வோல்ட்டில் இது சுமார் 29 ஆம்பியர். ஸ்டீரியோவுக்கு வரும் மெல்லிய வயர் இதைத் தாங்காது.

இணைக்கும் முறை:

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

2. பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த செம்பு வயரை நேரடியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டு வாருங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் பியூஸ் இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் பியூஸ் போகாது, வயர் தீப்பிடிக்கும்.

3. எர்த் வயரையும் அதே தடிமனில் எடுத்து, பெயின்ட் சுரண்டிய பாடியில் இறுக்குங்கள்.

4. ஸ்டீரியோவின் நீலம்-வெள்ளை வயரை 'ரிமோட்' முனையில் இணையுங்கள். ஸ்டீரியோவுடன் சேர்ந்து ஆம்ப்ளிஃபையரும் ஆன் ஆகும்.

5. ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். இரைச்சல் குறையும்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரை ஒருபோதும் காரின் பாடியில் இணைக்காதீர்கள். அந்த வயரிலும் வோல்ட் இருப்பதால் ஸ்டீரியோவே பழுதாகலாம்.

அடுத்த முறை கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "4 ஓமில் ஆர்.எம்.எஸ். எத்தனை?" என்று கேளுங்கள்.