எத்தனை ஸ்டென்ட் உங்களுக்கு?

ஜெர்மனியின் ஹம் நகர்க் காமாட்சி அம்பாள் கோயில் தேரன்று நடுவயதுக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது பிள்ளைகளின் படிப்பை மட்டுமல்ல. "உங்களுக்கு எத்தனை ஸ்டென்ட்?" என்பதும் சேர்ந்தே வரும். இரண்டு என்பவர் மூன்று என்பவரைப் பார்த்து ஆறுதல் அடைவார். இதயத் தமனியைத் திறந்து வைக்கும் அந்தக் கம்பிவலை வேண்டியிருந்ததா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கையிலோ தாடையிலோ இறங்கினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 112ஐ அழையுங்கள். வீட்டு டொக்டரின் திங்கட்கிழமை நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், காரை நீங்களே ஓட்டியும் போகாதீர்கள். மாரடைப்பில் உடனே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் போட்டு அடைப்பைத் திறப்பதுதான் வழி.

மற்றவர்களுக்கு, அதாவது குளிர்காலக் காலையில் பஸ்ஸைப் பிடிக்க விரையும்போது மட்டும் நெஞ்சு பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறவர்களுக்கு, நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம்.

கதீட்டர் இந்த நாட்டின் சொந்தப் பிள்ளை. 1929இல் எபர்ஸ்வால்ட நகர மருத்துவமனையில் இளம் டொக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மான், சிறுநீர் வடிக்கும் மெல்லிய குழாயைத் தன் கையின் ரத்தக்குழாய் வழியே இதயம் வரை செலுத்தி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசு வந்தது. டிரெஸ்டனில் பிறந்த ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் இதயத் தமனியை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். அந்தப் பெருமிதமோ என்னவோ, ஜெர்மனியில் கதீட்டர் மேசைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அடைப்பைத் தேடுவதற்கு மட்டும் அந்த மேசை வேண்டுமா? பெர்லின் சரிட்டே மருத்துவமனையின் மார்க் டேவி தலைமையில் 16 ஐரோப்பிய நாடுகளில் நடந்த ‘டிஸ்சார்ஜ்’ ஆய்வு, நெஞ்சுவலியும் நடுத்தர அளவு அடைப்பு வாய்ப்பும் கொண்ட 3,561 பேரை இரு பிரிவாக்கியது: ஒரு பிரிவுக்கு சி.டி. ஸ்கேன், மற்றதற்கு நேரே கதீட்டர். 2022இல் முடிவு வந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பு இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. பரிசோதனையால் நேர்ந்த பெரிய சிக்கலோ சி.டி.யில் 0.5 சதவீதம், கதீட்டரில் 1.9 சதவீதம். 2025 முதல் பொதுக் காப்பீடு இந்த சி.டி.க்கு வெளிநோயாளிகளுக்கும் பணம் தருகிறது. ஆகவே முதலில் சி.டி. கேளுங்கள். சுண்ணாம்பு மிகுந்து படிந்திருந்தாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, முன்பே சிறிய ஸ்டென்ட்கள் இருந்தாலோ படம் தெளியாது; அப்போது கதீட்டர்தான். இரண்டிலுமே அயோடின் மருந்து ஏற்றுவார்கள் என்பதால் சிறுநீரகம், தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடைப்பு உறுதியானாலும் உடனே ஸ்டென்ட் என்பதில்லை. மாத்திரை மட்டும் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நம்மவர் நினைக்கிறார்கள். 5,179 பேரைப் பார்த்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வின்படி, மாத்திரையோடு கதீட்டர் சிகிச்சையையும் முதலிலேயே செய்தது நோய் நிலையாக இருப்பவர்களின் ஆயுளைக் கூட்டவில்லை. வலியைக் குறைத்தது, அதுவும் அடிக்கடி வலி வந்தவர்களுக்கு நன்றாகவே. இடது பிரதான தமனி அடைப்புள்ளவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு.

"60 சதவீத அடைப்பு" என்றால், அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் அழுத்தக் கம்பியால் அளந்தீர்களா என்று கேளுங்கள். அளவு 0.80க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது.

பழைய ஸ்டென்ட்டுக்குள்ளேயே மீண்டும் அடைத்தால் இன்னொரு கம்பிவலை போட வேண்டியதில்லை. மருந்து பூசிய பலூனால் விரித்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம். ஹோம்பர்க்கின் புரூனோ ஷெல்லரும் சரிட்டேயின் உல்ரிக் ஷ்பெக்கும் சேர்ந்து உருவாக்கிய வழி இது. மனிதர்களில் சோதித்த முடிவு 2006இல் வெளியானது.

நீரிழிவோடு மூன்று தமனிகளிலும் அடைப்பு என்றால், மார்பைத் திறக்க அஞ்சி ஸ்டென்ட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். லைப்ஸிக்கின் ஃப்ரீட்ரிக் மோரும் முன்நின்று நடத்திய ‘சின்டாக்ஸ்’ ஆய்வில், மூன்று தமனி அல்லது இடது பிரதான தமனி அடைப்புள்ளவர்களில், ஐந்தாண்டில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, மறு சிகிச்சை எல்லாம் சேர்ந்து ஸ்டென்ட் பிரிவில் 37.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 26.9. நீரிழிவுக்காரர்களை மட்டும் எடுத்த 2012இன் ‘ஃப்ரீடம்’ ஆய்வும் பைபாஸ் பக்கமே சாய்ந்தது. கதீட்டர் டொக்டரும் அறுவை டொக்டரும் உட்கார்ந்து பேசும் ‘ஹெர்ட்ஸ்டீம்’ கூட்டத்துக்கு உங்கள் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

2013இன் நோயாளர் உரிமைச் சட்டப்படி, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கும்படி, டொக்டர் சிகிச்சையை உங்களுக்குப் புரியும் விதத்தில் விளக்க வேண்டும். கையெழுத்திட்ட தாளின் பிரதியையும் தர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்காதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று என்றால் அதன் அட்டை பணப்பையில் இருக்கட்டும். ஆஸ்பிரினோடு தரும் இரண்டாவது ரத்தம் உறையாத மாத்திரை, நிலையான நோயில் வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்புக்குப் பின் ஒரு வருடம். யாழ்ப்பாணப் பயணமோ பல் பிடுங்குவதோ அந்த இடைவெளியில் வந்தால், மாத்திரையை நிறுத்துமுன் இதய டொக்டரைக் கேளுங்கள்.