உங்கள் மின்னஞ்சல் எங்கே இருக்கிறது?

மாணவர்களே, பழைய மடிக்கணினியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கும்போது பலரும் கேட்கும் கேள்வி இது: “பழைய கணினியில் உள்ள மின்னஞ்சல்களைப் புதியதற்கு எப்படி மாற்றுவது?”

பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதிய கணினியில் உங்கள் கணக்கைச் சேர்த்தால் எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சில அமைப்புகளில் உங்கள் கடிதங்கள் அந்தப் பழைய கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். எஸ்.பி.எம். எழுதிய பிறகு உபகாரச் சம்பள நேர்காணல் அழைப்போ, கல்லூரியின் பதிலோ மின்னஞ்சலில் வரலாம். அமைப்பு எந்த வகை என்று பார்க்காமல் பழைய கணினியைத் துடைத்துவிட்டால், அந்தக் கடிதமும் போய்விடும்.

ஆகவே, அமைப்பதற்கு முன் அதன் பின்னால் உள்ள அறிவியலைத் தெரிந்துகொள்வோம்.

பெட்டி இருக்கும் இடம்

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த குறிதான் @. இன்றும் அதன் பொருள் மாறவில்லை. @ குறிக்கு முன்னால் இருப்பது நீங்கள். பின்னால் இருப்பது உங்கள் பெட்டியை வைத்திருக்கும் இடம்.

அந்த இடத்தைச் சேவையகம் என்கிறோம். அது இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி. உங்கள் மடிக்கணினி மூடியிருந்தாலும், டேப்லெட்டில் மின்சாரம் தீர்ந்திருந்தாலும் உங்களுக்கு வரும் கடிதத்தை அது வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் கையில் உள்ள கருவி, அந்தப் பெட்டியைப் பார்க்க உதவும் ஜன்னல் மட்டுமே.

மூன்று நெறிமுறைகள்

கருவியும் சேவையகமும் பேசிக்கொள்ள விதிகள் வேண்டும். அவற்றை நெறிமுறைகள் என்போம். மின்னஞ்சலில் மூன்று முக்கியமானவை.

பாப்: அஞ்சலகப் பெட்டியைத் திறந்து, கடிதங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் போன்றது. சேவையகத்தில் உள்ள கடிதத்தைக் கருவி இறக்கிக்கொள்கிறது. ‘சேவையகத்திலும் ஒரு பிரதியை வைத்திரு’ என்று அமைக்காவிட்டால், அங்கே அது அழிக்கப்படலாம். பிறகு டேப்லெட்டில் திறந்து பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும்.

ஐமேப்: கடிதத்தை அஞ்சலகத்திலேயே வைத்துவிட்டு அங்கேயே படிப்பதைப் போன்றது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986-இல் இதை வடிவமைத்தார். மூலக் கடிதம் சேவையகத்தில் இருக்கும். கருவிகளில் இருப்பவை அதன் பிரதிகள். ஒரு கருவியில் படித்த கடிதம் மற்றொன்றிலும் ‘படித்தது’ என்று தெரியும்.

எஸ்.எம்.டி.பி.: முதல் இரண்டும் கடிதத்தைப் பெற, இது அனுப்ப. “கடிதம் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை” என்று யாராவது சொன்னால், கோளாறு பெரும்பாலும் அனுப்பும் அமைப்பில்தான். வரும் வழியும் போகும் வழியும் வேறு வேறு.

இரண்டு கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு ஐமேப் முறையே ஏற்றது.

இப்போது அமைப்போம்

1. முதலில் புதிய கருவியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சேவையகம் தன்னை மெய்ப்பிக்க ஒரு மின்சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கருவியின் கடிகாரம் 2019 என்று காட்டினால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும்.

2. டேப்லெட்டில் ஜிமெயில் அல்லது அவுட்லுக் செயலியைத் திறந்து முகவரியைத் தட்டுங்கள். மற்ற அமைப்புகளைச் செயலியே பெரும்பாலும் கண்டுபிடித்துக்கொள்ளும்.

3. மடிக்கணினியில் தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், ஐமேப்பா பாப்பா என்று கேட்கப்படலாம். ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். வழி எண் கேட்டால், பாதுகாப்பான ஐமேப்புக்கு 993. அனுப்புவதற்கு 465 அல்லது 587. உங்கள் சேவை எதைக் கேட்கிறதோ அதை இடுங்கள்.

4. கடவுச்சொல்லைக் கேட்க கூகளின் பக்கமோ மைக்ரோசாப்டின் பக்கமோ தனியாகத் திறக்கும். அப்போது கடவுச்சொல் அந்த நிறுவனத்திடம் மட்டும் போகிறது. உங்கள் மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே கிடைக்கிறது. டேப்லெட் தொலைந்தால் வேறொரு கருவியிலிருந்து கணக்கில் நுழைந்து, அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்யலாம்.

நீக்குவது இரண்டு வகை

இடம் போதவில்லை என்று டேப்லெட்டில் கடிதங்களை ஒவ்வொன்றாக நீக்குபவர்கள் உண்டு. ஐமேப் முறையில் இது ஆபத்து. டேப்லெட்டில் நீக்கினால் சேவையகத்திலும் நீங்கும், மடிக்கணினியிலும் நீங்கும். ஜிமெயிலில் அது 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதன் பிறகு நிரந்தரமாகப் போய்விடும்.

டேப்லெட்டிலிருந்து கணக்கையே அகற்றுவது வேறு. ஜன்னலை மூடுகிறீர்கள், பெட்டி அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய கருவியை ஒருவருக்குக் கொடுக்கும்போது கடிதங்களை நீக்காதீர்கள், கணக்கை அகற்றுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. வேறொரு கருவியில் உலாவியைத் திறந்து, இணையத்தின் வழி உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழையுங்கள். பழைய கடிதங்கள் அங்கே தெரிகின்றனவா? தெரிந்தால் அவை சேவையகத்தில் உள்ளன; கவலையில்லை. தெரியாவிட்டால் அவை பழைய கணினியில் மட்டுமே இருக்கலாம். அவற்றைப் பிரதி எடுக்கும் வரை கணினியைத் துடைக்க வேண்டாம்.

சாவி யாரிடம்?

கடிதங்கள் சேவையகத்தில் பத்திரமாக இருந்தாலும், உள்ளே நுழைய முடியாவிட்டால் என்ன பயன்? மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள்.

பள்ளி வழியாகக் கிடைத்த டெலிமா கணக்கு பாடங்களுக்கானது. அதை நிர்வகிப்பது நீங்கள் அல்ல. படிவம் 5-க்குப் பிறகும் தேவைப்படும் விண்ணப்பங்களுக்குச் சொந்தக் கணக்கின் முகவரியைக் கொடுங்கள்.

மீட்பு எண்ணாக நீங்கள் கொடுத்த ப்ரீபெய்ட் எண், பணம் ஏற்றாமல் விட்டால் காலாவதியாகும். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். எண் மாறும் அன்றே கணக்கிலும் மாற்றுங்கள். அம்மா அல்லது அப்பாவின் நிலையான எண்ணைக் கொடுப்பதும் நல்லது.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கியவுடன், கூகள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் கோப்பில் வையுங்கள். கைப்பேசி தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் உங்களை உள்ளே விடும். அந்தக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு கருவிகளையும் ஒரே கணக்கில் அமைத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள், பிறகு பாருங்கள்.

அ. டேப்லெட்டில் ஒரு கடிதத்துக்கு நட்சத்திரக் குறியிடுங்கள். மடிக்கணினியில் அது தோன்ற எத்தனை விநாடி ஆகிறது?

ஆ. டேப்லெட்டை விமானப் பயன்முறையில் வைத்து, உங்களுக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். அது எந்தப் பெட்டியில் காத்திருக்கிறது? மடிக்கணினியில் தெரிகிறதா?

இ. விமானப் பயன்முறையை நீக்குங்கள். இப்போது என்ன நடக்கிறது? இதில் எந்தெந்த நெறிமுறைகள் வேலை செய்தன?

இந்த மூன்றாவது கேள்விக்கு உங்களால் காரணத்தோடு பதில் எழுத முடிந்தால், வீட்டில் பாட்டியின் டேப்லெட்டையும் நீங்களே தைரியமாக அமைத்துக் கொடுக்கலாம்.